வங்கி கொடுத்த ஆறு பக்கங்கள்

நாத்தனாரின் குரலை மூன்றரை வருடம் கழித்து அவள் கேட்டபோது, அவள் கையில் முகம் தெரியாத ஒரு பெரியவரின் மேல் ஈறு இருந்தது. இளஞ்சிவப்பு மெழுகு. அதில் முன்பற்கள் நான்கைப் பொருத்தி முடித்து, ஐந்தாவதைச் சூடான கத்தி முனையால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான்தான். போனை வச்சிடாதீங்க."

கத்தியை விளக்கின் அருகில் வைத்தாள்.

"இந்த நம்பரை உனக்கு யார் குடுத்தா?"

"யாரும் குடுக்கல அண்ணி. அண்ணன் ஒரு பேப்பர் வச்சிருக்கார், அதுல இருந்து எடுத்தேன். பேங்க் பேப்பர், ஆறு பக்கம். மேல உங்க பேரு, வீட்டு அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் அச்சடிச்சிருக்கு. கீழ நீங்க எங்கெங்க கார்டு தேய்ச்சீங்கன்னு வரிசையா."

"பக்கத்துல இருக்காரா?"

"குளிச்சிட்டிருக்கார். அண்ணி, பேனாவால வட்டம் போட்டு வச்சிருக்கார். மருந்துக் கடைக்கு மட்டும் ரெண்டு வட்டம். வியாழக்கிழமைக்கு பஸ் டிக்கெட் எடுத்திருக்கார். தண்ணி சத்தம் நின்னுடுச்சு, வச்சிடறேன்."

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி.

அந்தப் பல்செட் பட்டறையில் அவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பு எடுப்பதும், அதன்மேல் மெழுகில் ஈறு கட்டிப் பல் வைப்பதும் அவள் வேலை. வயது நாற்பத்து மூன்று. அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒரு பல்லை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு இவ்வளவு வெள்ளை வேண்டாம், சிரிச்சா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும்" என்று அவள் சொன்னால், டாக்டரே வந்து நிறத்தை மாற்றிவிட்டுப் போவார்.

அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதாகப் பட்டறையில் சொல்லியிருந்தாள். அது பாதி உண்மை. கதவை யார் சாத்தினார்கள் என்பதை மட்டும் அவள் சொன்னதில்லை.

சாத்தியவன் அவள் கணவன். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஊருக்கு அவன் தங்கமான மனுஷன். யார் வீட்டு மோட்டார் நின்றாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான், குரல் உயர்த்திப் பேசமாட்டான். வீட்டுக்குள்ளும் குரலை உயர்த்தியதில்லை என்பதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் அதே தொனியில், "கையை அங்கேயே வை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

பதினாறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். குழந்தைகள் இல்லை. ஒருநாள் அவன் கடைக்குப் போன பிறகு ஒரு பையோடு கிளம்பி, ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து இந்த நகரத்தில் வந்து இறங்கினாள். பிறந்த வீட்டுக்குக்கூடத் தகவல் சொல்லவில்லை. எலி வளையானாலும் தனி வளை என்று மாடியில் ஒற்றை அறை பிடித்தாள். பழைய சிம்மை உடைத்துப் போட்டாள், யாரோடும் படம் எடுத்துக்கொள்வதில்லை. இத்தனை செய்தவள் ஒரே ஒரு இடத்தில் அசந்துவிட்டாள். பட்டறைச் சம்பளம் ஒரு குறிப்பிட்ட வங்கி வழியாகத்தான் வரும். அதே வங்கியின் பழைய ஊர்க் கிளையில் அவளுக்கு முன்பே ஒரு கணக்கு இருந்தது. புதிதாகத் தொடங்க வேண்டாம், அதையே இங்கே மாற்றித் தருகிறோம், முகவரி மட்டும் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தாள். வங்கிதானே, வீதியா என்று நினைத்தாள்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பக்கத்து மேசையில் பல்செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த பாலிஷ்காரர் மோட்டாரை நிறுத்தினார். வாயைத் திறந்தால் கிண்டல்தான் பேசுவார். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"பேங்க் வரைக்கும் போயிட்டு வரேன்."

வங்கி இரண்டு தெரு தள்ளி இருந்தது. அந்த இரண்டு தெருவைக் கடப்பதற்குள் நான்கு முறை திரும்பிப் பார்த்தாள். வியாழக்கிழமைதான் வருவான் என்று அறிவு சொன்னது. கால்கள் நம்பவில்லை. நாத்தனார் அண்ணனுக்குப் பயந்தவள், தன் கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டிலேயே ஒண்டிக்கொண்டிருப்பவள். அவளை அவனே பேச வைத்திருந்தால்? போன் அடித்ததும் இவள் எந்தப் பக்கம் ஓடுகிறாள் என்று பார்க்க எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தால்?

முதலில் தன் கணக்கின் ஆறு மாத விவரத்தைக் கேட்டு வாங்கினாள். அவன் கையில் என்ன இருக்கிறதோ, அது தன் கையிலும் இருக்க வேண்டும். வரிசையில் காத்திருப்பவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கண்களை வைத்துக்கொண்டு அதைப் படித்தாள்.

அத்தனை காலம் அது வெறும் எண்கள். இப்போது அது அவள் நடந்து போகும் வழியாக இருந்தது. வார நாட்களில் காலை ஏழு நாற்பதுக்குப் பேருந்து அட்டை. ஏழு நாற்பது, ஏழு நாற்பத்தொன்று, ஏழு முப்பத்தொன்பது. மாலை ஐந்தரை தாண்டியதும் முனைக் கடையில் பால், ரொட்டி. சனிக்கிழமைகளில் துணி துவைக்கும் கடை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி மருந்துக் கடை. தைராய்டு மாத்திரை தீரும் நாள் அது. எங்கே நின்றால் அவளைப் பிடிக்கலாம், எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்று வங்கியே ஒரு வேலையாள் வைத்து எழுதிக் கொடுத்தது போல இருந்தது. தேதியைப் பார்த்தாள். வியாழக்கிழமை ஐந்தாம் தேதி.

கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். அங்கேயே தாழ் போட்டுக்கொண்டு இருந்துவிடலாமா என்று சற்று நேரம் நின்றாள். பிறகு வெளியே வந்து மேலாளர் அறைக்குள் போனாள்.

மேலாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பழைய ஊர்க் கிளைக்குப் போன் போட்டார். கேட்டுவிட்டு, பாரம் இறங்கியவர் போலச் சிரித்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. வெளியாள் யாருமில்ல. உங்க வீட்டுக்காரர்தான் வாங்கியிருக்கார். உங்களுக்கு உடம்பு முடியல, ஆஸ்பத்திரி செலவுக்குக் காட்டணும்னு கேட்டிருக்கார். ரொம்ப வருஷமா தெரிஞ்சவராம்."

"சார், அவர்கிட்ட இருந்து தப்பிச்சுதான் நான் இந்த ஊருக்கே வந்தேன்."

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் அவர் விடவில்லை. "புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நாங்க என்னம்மா..."

"புருஷன் பொண்டாட்டி விஷயம் இல்ல சார். இது எனக்கும் பேங்குக்கும் உள்ள விஷயம்." தன் குரல் கீச்சென்று ஒலித்தது அவளுக்கே கேட்டது. "நான் கையெழுத்துப் போட்ட லெட்டர் இருக்கா? இல்லாம எப்படிக் குடுத்தாங்க? யார் எடுத்தாங்க, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? அதை எழுதிக் குடுங்க."

"அதெல்லாம் ஆபீஸ் விவகாரம். வெளியே தர முடியாது."

"என் அட்ரஸ் மட்டும் வெளியே போகலாமா சார்?"

மேலாளர் கணினியைத் தன் பக்கம் திருப்பி எதையோ தட்டிப் பார்த்தார். யார் எந்தக் கணக்கைத் திறந்தாலும் அதில் பதிவாகிவிடும். பத்து நாளுக்கு முன், மதியம் மூன்று மணிக்கு, பழைய கிளையின் எழுத்தர் ஒருவர் அவள் கணக்கைத் திறந்து அச்சடித்திருந்தார். கடிதம் எதுவும் இணைக்கப்படவில்லை. மேலாளரின் முகம் வெளுத்தது. இந்த முறை பயம் அவர் பக்கம் போயிருந்தது.

"புகார் எழுதிக் குடுங்கம்மா" என்றார் தாழ்ந்த குரலில்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அனுமதி இல்லாமல் என் விவரத்தைக் கொடுத்தது யார், என்னென்ன கொடுத்தார்கள், பதிவேட்டின் நகல் வேண்டும், என் கணக்கை இன்றே பூட்டிப் புது எண் தர வேண்டும். எழுத்து கோணல்மாணலாகப் போனது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வங்கி முத்திரையும் நேரமும் போடச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அந்த முத்திரைக்காகக் கால்மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. நின்றாள்.

பட்டறைக்குத் திரும்பி முதலாளியிடமும் பாலிஷ்காரரிடமும் மூன்றரை வருடமாக மறைத்ததைச் சொன்னாள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, மேசை மேலிருந்த பிளாஸ்டர் வாய்களைப் பார்த்தாள். பாலிஷ்காரர் வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார்.

"என் வீட்டுக்காரி உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டா. கூட்டிட்டு வரட்டுமான்னு நான்தான் கேட்டேன். அவ வேற எதுவுமே கேக்கல, உத்தரவே போட்டுட்டா. இனிமே நான் மறுத்தா எனக்குச் சோறு இல்ல."

அன்று அவள் தன் அறைக்குப் போகவில்லை. மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை. பாலிஷ்காரரின் மனைவி தன் புடவை ஒன்றைக் கொடுத்து, எதுவும் கேட்காமல் ஹாலில் பாய் விரித்துத் தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காவல் நிலையம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஆய்வாளர் வேறொரு கோப்பில் கண் வைத்தபடியே கேட்டார்.

"இங்க வந்து ஏதாவது தொந்தரவு பண்ணாரா?"

"இன்னும் வரல மேடம். நாளைக்கு வரார்."

"வந்தா சொல்லுங்க, பாத்துக்கலாம்."

"வந்த பிறகு சொல்றதுக்கு நான் இருக்கணுமே மேடம்."

ஆய்வாளர் கோப்பை மூடினார். முத்திரை போட்ட புகாரையும் ஆறு பக்கங்களையும் வாங்கிப் படித்தார். மருந்துக் கடை வரிகள் வந்தபோது அவர் விரல் நின்றது. நாளைய தேதியை அவரும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். தன் கைப்பேசி எண்ணை ஒரு தாளில் எழுதி நீட்டினார். "நாளைக்கு மருந்துக் கடைப் பக்கம் போகாதீங்க. கடைக்கு ஒரு ஆள் போடறேன். பட்டறையில இருங்க, ஆள் கூட்டம் இருக்கும். எதுவா இருந்தாலும் இதுல கூப்பிடுங்க, நேரா எனக்கு வரும்."

வியாழக்கிழமை காலை முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. கடைவாய்ப் பல்லை இடம் மாற்றி வைத்தாள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் கத்தியை நிறுத்திக் காது கொடுத்தாள். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. நேரம் போகப்போக, வரமாட்டான், நாத்தனார் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாள் என்ற நினைப்பு மெல்லத் தலைகாட்டியது. அந்த நேரத்தில்தான் முன் கவுண்டரிலிருந்து குரல் கேட்டது.

குரல் மட்டுந்தான் கேட்டது. கவுண்டருக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்பு இருந்தது.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் தங்கச்சி. என் சம்சாரம் இங்க வேலை செய்யறாங்க. மனசு கொஞ்சம் சரியில்லாதவங்க. மாசாமாசம் அஞ்சாம் தேதி மாத்திரை வாங்கிடுவாங்க, அது இல்லன்னா வீட்டை விட்டுப் போயிடுவாங்க. மூணு வருஷமா தேடறேன்மா."

அதே தொனி. அவ்வளவு அன்பாக, அவ்வளவு களைப்பாகப் பேசினான். கேட்டால் கல்லும் கரையும். தைராய்டு மாத்திரையைப் பைத்தியத்துக்கு மருந்தாக்கிவிட்டான். வங்கி கொடுத்த ஒற்றை வரியை வைத்து ஒரு முழுக் கதையே கட்டியிருந்தான். கவுண்டரில் இருந்த பெண் புதிதாகச் சேர்ந்தவள். விவரம் எதுவும் தெரியாது. "ஐயோ பாவம்" என்ற குரல் கேட்டது.

மெழுகக்கா எழுந்திருக்கவில்லை. முழங்கால் ஊன்றித் தரையோடு தவழ்ந்து பிளாஸ்டர் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். மூட்டைகளுக்கும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். விரலில் மெழுகு ஒட்டியிருந்ததால் திரை ஏற்கவில்லை. புடவையில் அழுத்தித் துடைத்தாள். மூன்றாவது முறை எண் விழுந்தது.

"மேடம், வந்துட்டார்."

"போனை வைக்காதீங்க. பேச வேண்டாம். லைன்ல இருங்க போதும்."

கதவுக்கு அப்பால் பாலிஷ் மோட்டார் நின்றது. பாலிஷ்காரரின் குரல்: "என்ன வேணும்?"

"சார், என் சம்சாரம்..."

"அப்படி யாரும் இங்க இல்ல."

"இல்லன்னு சொல்லாதீங்க சார். இதோ பாருங்க, சம்பளம் உங்க பட்டறையில இருந்துதான் போகுது. மூணாவது பக்கம், வட்டம் போட்டிருக்கேன் பாருங்க." தாள் புரளும் ஓசை. "நான் உள்ள போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

"உள்ள அமிலம், நெருப்பு எல்லாம் இருக்கு. வெளியாள் போக முடியாது. உக்காருங்க, முதலாளியைக் கூப்பிடறேன்."

உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பல்லில் ஏதாவது தொந்தரவு உண்டா, மேல் வரிசை கொஞ்சம் தேய்ந்த மாதிரி தெரிகிறதே என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வாய்க்கு வந்ததைப் பேசியதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். பதினோரு நிமிடம். பிளாஸ்டர் அறையில் இருந்தவள் அந்தப் பதினோரு நிமிடமும் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். தன் மூச்சு தடுப்பைத் தாண்டிக் கேட்டுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆய்வாளர் இரண்டு பேரோடு வந்தார். அவன் எழுந்து கும்பிட்டான்.

"குடும்ப விஷயம் மேடம். நீங்க சிரமப்படவே வேண்டாம்."

"இந்தப் பேப்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

அவனுக்கு அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. சொல்லப்போனால் பெருமையாகவே சொன்னான். "பேங்க்ல குடுத்தாங்க. நம்ம ஊர்ல எல்லாரும் தெரிஞ்சவங்கதான். கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாங்க."

"குடுங்க, பாப்போம்."

கொடுத்தான். பேனா வட்டங்கள் போட்ட ஆறு பக்கங்கள். ஓரத்தில் அவன் கையெழுத்தில் பேருந்து நேரங்களும் குறித்திருந்தான். ஆய்வாளர் அதைத் திருப்பித் தரவில்லை. அன்றைக்கு அவன் பட்டறையை விட்டுப் போனது காவல் வண்டியில்தான்.

அந்த வட்டங்களை நீதிபதி பார்த்தார். அவன் அவளுடைய வீட்டையோ வேலை இடத்தையோ நெருங்கக் கூடாது, ஆள் வைத்தும் தேடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

வங்கி அவ்வளவு சுலபமாக இறங்கி வரவில்லை. ஐந்து வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தவறான புரிதல் காரணமாக ஏற்பட்ட சிறு அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்றிருந்தது. அசௌகரியம் என்ற சொல்லை அவள் மூன்று முறை படித்தாள். அன்று மதியமே முதலாளியின் கணினியில் உட்கார்ந்து, வங்கிகளுக்கு மேலே இருக்கும் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு மனு தட்டினாள். முத்திரை போட்ட புகார், மேலாளர் பிறகு கொடுத்த பதிவேட்டு நகல், நீதிமன்ற உத்தரவு, வட்டம் போட்ட பக்கங்களின் நகல் எல்லாவற்றையும் இணைத்தாள்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கேதான் அந்த எழுத்தரை முதல்முறை பார்த்தாள். வழுக்கைத் தலை, சட்டைப்பையில் இரண்டு பேனா, யாருக்கும் கெடுதல் நினைக்காத முகம். இடைவேளையில் நடைபாதையில் அவள் எதிரே வந்து நின்றார்.

"அவர் அழுதாரும்மா. மருந்துச் சீட்டெல்லாம் காட்டினார். நல்லவர்னு நினைச்சுக் குடுத்துட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க சார்" என்றாள் அவள். "அதனாலதான் யார்கிட்டயும் சொல்லாம வந்தேன்."

அவர் கண் கலங்கியது. அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, கோபமும் வரவில்லை. உட்காருவதற்கு ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அவள் சம்மதம் இல்லாமல் விவரத்தைக் கொடுத்தது தங்கள் தவறு என்று வங்கி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், வீடு மாறிய செலவையும் நஷ்ட ஈட்டையும் தர வேண்டும் என்று உத்தரவு. எழுத்தரைக் கவுண்டர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதுக் கணக்கை அவள் வேறொரு வங்கியில் தொடங்கினாள். சொந்தக்காரர், கணவர் என்று யார் வந்து கேட்டாலும் ஒரு விவரமும் தரக் கூடாது என்று தானே எழுதிக் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்கினாள். முதலாளி இனி அந்தப் புது வங்கிக்கே சம்பளம் அனுப்ப ஒப்புக்கொண்டார்.

ஆனால் பயம் தீர்ப்புப் படித்துவிட்டு எழுந்து போய்விடவில்லை. புது வீட்டிலிருந்து பட்டறைக்கு மூன்று வழிகள் வைத்திருக்கிறாள். எதையும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போவதில்லை. மாத்திரையை ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கடையில், கையில் காசு கொடுத்து வாங்குகிறாள். கவுண்டரில் ஆண் குரல் தணிந்து பேசினால் இன்றும் கத்தி கையை விட்டு நழுவுகிறது. அப்போதெல்லாம் பாலிஷ்காரர் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர் வீட்டு ஆளும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மோட்டாரைப் போடுவார்.

நான்கு மாதம் முன்பு நாத்தனார் மறுபடி கூப்பிட்டாள். அவள் பேசிய விஷயம் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது, தெரிந்த பிறகு அவன் என்ன செய்தான் என்று அவள் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

"துணிக்கடையில வேலை கிடைச்சிருக்கு அண்ணி, தங்க இடத்தோட. சம்பளத்துக்குக் கணக்கு தொடங்கணுமாம். எனக்கு பேங்க்னாலே பயமா இருக்கு."

"அவருக்குக் கணக்கு இருக்கிற பேங்க் வேண்டாம். கடைக்காரங்க எதைச் சொன்னாலும் சரி, வேற பேங்க்ல கேளு. தபால் வீட்டுக்கு வர வேண்டாம், நானே வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிடு. உன் கையெழுத்து இல்லாம யாருக்கும் எதுவும் தரக் கூடாதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. முத்திரை வாங்காம அந்த இடத்தை விட்டு நகராதே. பேனா இருக்கா?"

"இருக்கு, சொல்லுங்க."

நாத்தனார் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள். முடித்துவிட்டுத் தயங்கினாள்.

"நீங்க இப்போ எங்க அண்ணி இருக்கீங்க?"

இந்தப் பக்கம் மெழுகக்கா போனைக் காதிலிருந்து சற்றே விலக்கினாள். பதில் சொல்வதற்குள் நாத்தனாரே அவசரமாகச் சொன்னாள்.

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க. பழக்கதோஷத்துல கேட்டுட்டேன். தெரியாம இருக்கிறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

"நீ எந்த ஊர்லன்னு எனக்கும் சொல்லாதே" என்றாள் மெழுகக்கா. "ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. மதியம் ரெண்டு மணிக்கு மேல வீட்ல இருப்பேன்."